விரல் வைத்த விசிறி

சபாபதி தலைகுனிய வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்க. சீதாலெட்சுமிக்கு மூன்று வாரமாக இந்த ஒரே வேண்டுதல்தான்.

மேரு என்ற ஊரில் கம்ப்யூட்டருக்குள் வைக்கும் சின்ன விசிறி செய்கிற ஃபேக்டரி அது. விசிறியின் மோட்டாரை ஓட்டுவது நகத்தளவு ஐசி ஒன்று. சுற்றும் விசிறியை விரலால் அழுத்தி நிறுத்தினால், அந்த ஐசி உடனே கரண்டை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே கம்பிச்சுருள் வெந்துபோகும். பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒன்பது வருடமாக விரல் வைத்துச் சோதித்தவள் சீதாலெட்சுமி.

புது ஐசி வந்த அன்றே சூப்பர்வைசர் சபாபதியிடம் போய்ச் சொன்னாள். "பாஸ், இது கட் ஆவல. சூடு ஏறுது."

மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்க வைத்தவனே அவன்தான். விடுவானா? லைனில் இருந்த அத்தனை பேரும் கேட்க, "ஐசில கோளாறு இல்ல. உன் கைலதான் கோளாறு. போய் பெட்டி கட்டு லா," என்றான். விரல் சோதனையையும் அன்றோடு நிறுத்தினான். அவள் பெட்டி கட்டும் மேசைக்குப் போனாள்.

இன்று ஆர்டர் கொடுக்க ஜப்பான்காரர்கள் வந்திருந்தார்கள். மேனேஜரும் கூட நின்றார்.

"விசிறி ஒண்ணு எடுத்துட்டு வா. எதுனாலும் சரி," என்று அவளிடம் சொன்னான் சபாபதி.

மேசையில் பழைய ஐசி போட்டதும் இருந்தது, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய புதியதும் இருந்தது. பழக்கதோஷத்தில் அவள் கை பழையதைத்தான் தொட்டது. தொட்ட கையை எடுத்து, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியதை எடுத்துக்கொண்டு போனாள்.

விருந்தாளி வந்தால் சபாபதிக்கு ஒரு வித்தை உண்டு. ஓடும் விசிறியின் நடுவில் விரலை வைத்து நிறுத்திவிட்டு, பெருமை பேசி முடியும்வரை எடுக்க மாட்டான். இன்றும் அப்படியே நின்றான். பேச்சு நீண்டது. விரலில் சூடு ஏறியது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கருகல் வாடை வந்தது. ஜப்பான்காரர் ஒருவர் மூக்கைச் சுளித்தார். பிறகு புகை. சபாபதி கையை உதறினான். விசிறி அசையவில்லை.

"என்ன இது?" என்றார் மேனேஜர்.

சபாபதி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஐசில கோளாறு இல்ல பாஸ். உங்க கைலதான்."

சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.