முதலாளி இல்லாத மென்பொருள்

கடியப்பட்டணத்தில் மீன்தூள் ஆலை வரக்கூடாது என்று சேர்ந்த ஆறு வீட்டாருக்கு ஞானசெல்விதான் தலைவி. ஆட்களில் பாதிப்பேர் கல்ஃபில். எல்லோரும் சேர்ந்து ஆட்சேபனை மனு எழுத, துபாயிலிருந்து திரும்பிய லிஜின் ஒரு மென்பொருளை ஊரிலும் கல்ஃபிலுமாக இருந்த அவர்களுடைய ஆறு கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்தான்.

“ஓசியில எவம்லே குடுப்பான்? இதுக்கு மொதலாளி யாரு?” என்றாள் ஞானசெல்வி.

“மொதலாளியே இல்லக்கா. எழுதுறது எந்தக் கம்பெனிக்கும் போவாது. நம்ம ஆறு கம்ப்யூட்டர்லயும்தான் கெடக்கும்.”

அந்தப் பதில் அவளை இன்னும் கலக்கியது. தப்பு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது?

நடந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில், இன்னும் கொடுக்காத மனுவுக்கு ஆலையின் வக்கீல் வரிக்கு வரி பதில் சொன்னார். கழிவுக்குழாய் பற்றி அவள் எழுதிய வாக்கியம் அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. ஆலை மேனேஜரோடு லிஜின் இரணியல் ரயில்வே ஸ்டேஷனில் நின்று பேசியதை அவள் பார்த்திருந்தாள்.

எல்லோர் முன்பும் அவனிடமே அதைக் கேட்டாள். “வேல கேட்டேன்க்கா. வேறொண்ணும் பேசல்ல,” என்றான்.

“இனி நீ இதுல வேண்டாம்.”

அவன் மென்பொருளில் இருந்த தன் பெயரை எடுத்துவிட்டுப் போனான்.

அவனோடு எல்லாம் நின்றுபோகும் என்று எதிர்பார்த்துத்தான் மறுநாள் திறந்தாள். மனு அப்படியே இருந்தது. ஆறு வீட்டாரில் ஒருவனான டிஜோ தோஹாவிலிருந்து ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் லிஜின் சொன்னது நிஜம். அவனிடம் கடிவாளம் எதுவும் இல்லை. ஆறு வீட்டில் எந்த வீட்டுத் திரையிலிருந்தும் மனு வெளியே போயிருக்கலாம்.

ஒவ்வொரு பெயராகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, புருஷன் மரியஜான் பின்னால் வந்து நின்றான்.

“புதுசா என்ன எழுதியிருக்காவ?”

இதுவரை ஒருநாளும் கேட்காத கேள்வி. அவள் திரும்பினாள். “நீங்களா காட்டுனிய?”

“நம்ம மீனு வாங்குத ஏஜென்ட் கேட்டான். காட்டினேன். அதுல என்ன ரகசியம்?”

அந்த ஏஜென்ட் ஆலைக்காரர்களுக்கு வேண்டியவன் என்பது அவளுக்குத் தெரியும். நேரே லிஜின் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலை விட்டு இறங்கவில்லை.

“தப்பு எங்க வீட்டுலதான் மக்கா. நீ திரும்பி வா.”

“நீங்க மட்டும் கூப்பிட்டா நடக்காதுக்கா. மத்தவங்களும் ஏத்துக்கிட்டாத்தான் உள்ள வரமுடியும்.”

வீட்டுக்கு வந்து, புருஷன் பேரைச் சொல்லியே நடந்ததை மனுவின் கீழே எல்லோரும் பார்க்க எழுதினாள். முதல் பதில் டிஜோவிடமிருந்து வந்தது: “லிஜின் வரட்டும். ஆனா ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டர இனி நாங்க எப்படி நம்புறது?”