வலப்பக்கத்து நட்டு

1

"இடது பக்கம்னு எழுதியிருக்க. தப்பு. வலது பக்கம்."

சொன்னது அக்கா, தபால்காரி. அவள் கையில் தங்கை எழுதிய முதல் பக்கம். இந்தக் கதை பிறந்ததே இந்தத் தப்பில்தான் என்று ஒப்புக்கொண்டுவிடலாம். (தங்கை என்பது நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், கதையில் அக்கா சின்னவளாகிவிட்டாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.)

கைவிட்ட தொடக்கம்: மேட்டில் பின்சக்கரம் நழுவியபோது வானம்...

வானத்துக்கு இங்கே வேலையில்லை.

2

விஷயம் இதுதான். தபால் கட்டோடு மேட்டுத்தெருவில் அக்கா சைக்கிளை எழுந்து நின்று மிதித்தால், பின்சக்கரம் சட்டத்துக்குள் கோணிக்கொண்டு இடது குழாயில் உரசி நின்றுவிடும். இதுவரை மூன்று முறை. நாளைக் காலையும் நின்றால் மேட்டுத்தெருவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

சைக்கிள் கடைக்காரர் உரசிய இடத்தைப் பார்த்தார், பின்சக்கர அச்சின் இடது நட்டை முறுக்கினார். மறுபடி உரசியது, மறுபடி முறுக்கினார். உடம்பைக் கொஞ்சம் குறைக்கும்படி அக்காவுக்கு யோசனை வேறு. தங்கையும் அவரை நம்பித்தான் 'இடது' என்று எழுதினாள்.

3

[இங்கே அக்கா அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அவள் படித்துச் சிரித்ததால் நீக்கப்பட்டது.]

உண்மையில் அக்கா செய்தது வேறு. சமையலறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தங்கையைப் பின்பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மிதியை ஓங்கி அழுத்தினாள். வலது நட்டு நகக்கண் அளவு முன்னே நகர்ந்தது. செயின் இழுப்பது வலப்பக்கத்தை. அது முன்னே போனால் சக்கரத்தின் முகம் இடது பக்கம் திரும்பிவிடும்.

"அடி வாங்கினவன் இங்க கத்துறான், அடிச்சவன் அந்தப் பக்கம் சும்மா நிக்கிறான்," என்றாள்.

நட்டு கடிக்கும் இடத்தில் எண்ணெயைத் துடைத்து, பெயின்ட்டைச் சுரண்டி, வழுக்காமல் கடித்துக்கொள்ளப் பல்லுள்ள வாஷர் போட்டாள். அச்சைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் செயின் அட்ஜஸ்டரையும் வலப்பக்கம் மாட்டினாள். என் அக்கா. (மன்னிக்கவும், தங்கையின் அக்கா. இல்லை, இருக்கட்டும். என் அக்கா.)

4

முடிவுகள். ஒன்று: ஏறிவிட்டாள், மேலதிகாரி கைதட்டினார். (அவர் தட்டுகிற ஆளில்லை.) இரண்டு: கடைசித் திருப்பத்தில் மறுபடியும்... இதை எழுதக் கை வரவில்லை. மூன்றாவதை வாசிக்கிற உங்களிடமே விட்டுவிடலாம் என்று தங்கை நினைத்தபோது, கிரீஸ் அப்பிய கை ஒன்று காகிதத்தின் மேல் வந்து விழுந்தது.

"முடிவை இப்பவே எழுதாதடி. காலையில மேட்டு உச்சியில வந்து நில்லு. வர்றியா?"