மேல்தளத்தில் இரண்டு தட்டு

...நானா கேட்டேன், காற்று காதை அடைக்கிறது என்று எப்போதோ ஒரு நாள் சொன்னதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா, தண்டனை என்று சொல்வதும் பாவம், என் வீட்டுக்காரர் எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார், எங்கள் படகின் மேல்தளத்தைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் திரை, துண்டு துண்டாக, இரண்டு பக்கமும் ஜிப் வைத்து, கூரையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை ஒரு பொட்டுக் காற்று நுழையாது. திரை தைத்த அம்மாள் நேற்று மாட்டிவிட்டுப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குளிர்ல இது சுருங்கும்மா, காலையில ஜிப் சேரலேன்னா இழுக்காதீங்க, வெயில் பட்டா தானா இளகிக் கொடுக்கும்" என்றாள். ஏன் என்னிடம் சொன்னாள், இவரைப் பார்த்ததுமே ஆள் எப்படி என்று தெரிந்துவிட்டதா, பல் டாக்டர் கை ஆயிற்றே, இழுக்காமல் இருக்குமா... விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார், கடைசி ஜிப் இரண்டு விரல் சேரவில்லை, "அளவைத் தப்பா எடுத்துட்டா அந்தம்மா" என்று முகம் சிவக்கக் கத்தியவரைக் காபி கொடுத்து உட்கார வைத்தேன். ஒன்பது மணி வெயிலில் ஜிப் சர்ரென்று ஏறியது. திட்டியதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை, சமயம் வரும்போது எடுத்து விடலாம்.

ஆக, படகு வாங்கிய எட்டு வருஷத்தில் முதல்முறையாக மேலே, அவர் பக்கத்தில், புது மெத்தை போட்ட இருக்கையில் நான். காற்று எனக்கு எப்போது பிடிக்காமல் போனது, பிடிக்கும், கொள்ளை ஆசை, ஆனால் வாரம் முழுக்க ஒன்றாம் வகுப்பில் நாற்பது வாய்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறொன்று அதைவிடப் பிடித்துவிட்டது, கீழே அந்தச் சின்ன அறை, கட்டில், மார்பில் கவிழ்த்த புத்தகம், படிப்பதுகூட இல்லை, சும்மா கிடப்பேன், டீச்சர் என்று யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம். தலைக்கு மேலே அவருடைய குதிகால் டொக் டொக் என்று தட்டும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொக் டொக், சுக்கானைப் பிடித்து நின்று நின்று கால் மரத்துப்போய் உதறிக்கொள்கிறார், மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், அதிலேயே கண் சொருகிவிடும். இனி அதெல்லாம் போச்சு. காற்றுதான் இல்லையே, என்ன சாக்குச் சொல்லி இறங்குவது... உண்மையைச் சொல்லிவிடலாமா, சொன்னால் முகம் சுருங்கிப்போகும், சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் இங்கேதான்.

"எப்படி இருக்கு?" என்கிறார், இது நாலாவது தடவை. "நல்லாத்தான் இருக்கு" என்கிறேன், அது பொய்யில்லை, இதமான சூடு, கடல் பச்சையாக விரிந்து கிடக்கிறது, அவர் கழுத்தில் சவரம் விட்டுப்போன இரண்டு முடிகூடத் தெரிகிறது, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறேன்... அப்போதுதான் இடப்பக்கம் தண்ணீருக்கு மேலே டால்பின்கள், மூன்று, இல்லை நான்கு, முதுகு பளபளக்க, அவர் சுக்கானை விடாமல் குதிகாலால் தரையில் டொக் டொக் என்று தட்டிவிட்டுக் கீழே இறங்கும் படிகளைத் திரும்பிப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். திருட்டு முழி முழித்துச் சிரிக்கிறார். "எதுக்குத் தட்டினீங்க?" "பழக்கம்... ஏதாவது நல்லதாப் பார்த்தா உன்னைக் கூப்பிடத் தட்டுவேன், எஞ்சின் சத்தத்துல உனக்கு எங்க கேட்கப்போவுது." "கேட்டதே இல்லீங்க" என்றேன், வாய் கூசாமல். அவர் தலையாட்டிக்கொண்டார், நான் கூப்பிட்டும் வராதவள் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. அடுத்த வாரம் கீழே போய்ப் படுக்கலாம்தான், யார் தடுக்கப்போகிறார்கள், ஆனால் தலைக்கு மேலே அந்த இரண்டு தட்டு கேட்டால் இனி எனக்குத் தூக்கம் வருமா, எட்டு வருஷத்தில் எத்தனை டால்பின் போயிருக்குமோ...