கண்ணாடிக்குள் ஓர் எதிரி

கோபத்தைக் குறைக்காவிட்டால் அடுத்த முறை நெஞ்சைப் பிளந்துதான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பறவை பாருங்கள், மனசு அமைதியாகும் என்றும் சொன்னார். அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து ஒரு கார்டினல் குருவியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கென்டக்கி மலையடிவாரத்தில் நிலக்கரி லாரிகளுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தேன். வெளியே வைத்த சூரியகாந்தி விதைத் தட்டுக்கு முதலில் வந்தவன் ஓர் ஆண் கார்டினல். உடம்பெல்லாம் சிவப்பு, தலையில் கொண்டை, முகத்தில் கறுப்பு. பின்னாலேயே மங்கிய பழுப்பு நிறத்தில் அவன் பெண்டாட்டி. மற்ற குருவிகளை அவன் விரட்டி விரட்டிக் கொத்தியதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. நம்ம ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பார்த்ததை நான் சேர்ந்திருந்த பறவைச் சங்கத்தின் மொபைல் ஆப்பில் தினமும் பதிய வேண்டும். 'ஆண் இரண்டு, கடும் சண்டை' என்று பதிந்தேன். சங்கத்தை நடத்தும் ராமோனா உடனே போன் செய்தாள்.

"ரெண்டாவது ஆம்பளை எங்க இருந்தான் வெர்லின்?"

"பக்கத்து வீட்டு டெல்மர் வண்டிகிட்ட. காலைல இருந்து ரெண்டு பேரும் விடாம அடிச்சுக்கிறானுங்க."

அவள் சிரித்த சிரிப்பில் போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

"அது சைடு மிரர்ல தெரியற அவனோட உருவம்யா! புதுசா பாக்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவாங்க. அந்தக் கண்ணாடிக்கு ஒரு சாக்ஸ் மாட்டிவிடு. இல்லேன்னா மோதி மோதியே செத்துருவான்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அலகின் நுனி உடைந்திருந்தது. கொண்டை பாதி பிய்ந்திருந்தது. கண்ணாடியெல்லாம் ரத்தமும் எச்சமும். அப்படியும் பின்வாங்கிப் பின்வாங்கி வந்து மோதிக்கொண்டிருந்தான். டெல்மர் வாசற்படியில் ஏர்கன்னோடு நின்றான்.

"டேய், சுடாத. ஒரு சாக்ஸ் மாட்டினா போதும்."

"புது வண்டிக்குச் சாக்ஸா? ஊரே சிரிக்கும்டா. ஒரே குண்டு, கதை முடிஞ்சுது."

அவன் குறி பார்த்தான். நான் தலையால் அவன் வயிற்றில் முட்டினேன். குண்டு கூரையில் போய்ப் பட்டது. என் காதைப் பொத்தி ஓர் அறை விட்டான், தலை கிண்ணென்றது. அவன் உதட்டைக் கிழித்தேன். ஜல்லியில் கட்டிப் புரண்டோம். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போனது. என் கழுத்தைப் பிடித்திருந்தவன் மூச்சு வாங்கிக் கையை எடுத்தான், நானும் விட்டேன். எங்கள் தலைக்கு மேலே கார்டினல் மட்டும் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தான்.

டெல்மர் ரத்தத்தைத் துப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"நம்ம ரெண்டு பேரைவிடக் கிறுக்கனா இருக்கானேடா."

பூட்ஸைக் கழற்றித் தன் சாக்ஸையே இரண்டு கண்ணாடிக்கும் மாட்டினான். "இந்த நாத்தத்துக்கே ஓடிருவான் பாரு."

அதோடு மோதல் நின்றது. மறுநாள் கார்டினல் வேலியில் உட்கார்ந்து பாடினான். விதையை உரித்துப் பெண்டாட்டி வாயில் ஊட்டினான். அவனைச் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

அந்த வாரமே தட்டருகில் இரண்டு சிவப்பு தெரிந்தது. மறுபடியும் ராமோனாவிடம் ஏமாளிப் பட்டம் வாங்கக் கூடாதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி எதுவும் இல்லை. வந்தவன் கொண்டை குலையாத, அலகு உடையாத நிஜமான ஆள்.

இருவரும் அந்தரத்தில் மோதிப் புல்லில் விழுந்தார்கள். இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். சத்தம் கேட்டு டெல்மரும் வந்தான்.

"எறிடா வெர்லின்!"

"எது நம்மளுதுன்னு தெரியலடா!"

சிவப்பு உருண்டையாகப் புரண்டார்கள், இறகு பறந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. ஒருவன் மேலே ஏறி மற்றவன் கண்ணைக் கொத்தினான். திரும்பத் திரும்ப அதே இடத்தில் கொத்தினான். கீழே கிடந்தவன் திருப்பிக் கொத்தப் பார்த்தான். உடைந்த அலகு பிடிக்கவில்லை. இருந்த பலத்தையெல்லாம் டெல்மரின் கண்ணாடியில் கொட்டித் தீர்த்திருந்தான். நான் வாணலியைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது.

சாயங்காலம் புதியவன் ஒரு விதையை உரித்து நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள்.

ஆப்பில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற எண்ணிக்கையைத்தான் பதிய வேண்டும். பதிந்தேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று. கொஞ்ச நேரத்தில் ராமோனாவிடமிருந்து செய்தி வந்தது: "நேத்து மாதிரியே ஜோடி நல்லா இருக்கு பாரு. உன் புண்ணியத்துல பொழச்சுட்டான்!"

டெல்மர் போனை வாங்கி அதைப் படித்தான். என் முதுகில் கையை வைத்தான். என் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.