ஆற்று வரைபடத்தின் இருபது துண்டுகள்

நான்கு மணிக்குள் வெள்ள வரைபடம் அணை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். எந்தக் கரையோரத்து மக்களை முதலில் வெளியேற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். "கணக்கு முடிஞ்சுது, அனுப்பிடறேன்" என்று அண்ணி வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொழுந்தன் இங்கேயே, கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் இயந்திர அறையில் வேலை பார்ப்பதால் அலுவலகம் முழுவதற்கும் அவள் அண்ணிதான்.

மணி இரண்டு. பொதுக் கோப்புறையைத் திறந்தாள். 'முடிந்தது' என்ற பெயரில், உள்ளே ஒன்றுமில்லாத ஒரே ஒரு கோப்பு. ஆற்றைத் துண்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு இருபது கணினிகள் ஒன்பது மணி நேரம் உழைத்ததற்கு அவ்வளவுதான் மிச்சம்.

நேரே இயந்திர அறைக்குப் போனாள்.

"தம்பி, காலையில எதையாவது துடைச்சியா?"

"மேஜையைத் துடைச்சேன்."

"விளையாடாதே. என் கோப்பு எல்லாத்தையும் காணோம்."

"வீட்டுல சாவி காணோம்னாலும் நான்தான். இங்கயும் நான்தானா?"

"இங்க வேற யார் கை படுது?"

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குள் மேலாளர் போனில் வந்தார். அவரிடமும் கோப்புகளைக் காணோம் என்றாள். "யார் துடைச்சாங்கன்னு அப்புறம் விசாரிப்போம். மறுபடி ஓட்டுங்க."

"ஒன்பது மணி நேரம் ஆகும் சார். தண்ணி காத்திருக்குமா?"

"வேற வழி?"

வழி இல்லை. அவள் விசைப்பலகையில் கை வைத்தாள்.

"அண்ணி, கையை எடுங்க" என்றான் கொழுந்தன். "மறுபடி ஓட்டினா, ஒவ்வொரு மெஷினும் முதல் காரியமா தன்கிட்ட இருக்கிற பழசைத்தான் அழிக்கும்."

"இருந்தாத்தானே அழிக்க?"

"இல்லைன்னு பாத்தீங்களா? எங்க எழுதச் சொன்னீங்க?"

தான் எழுதிய கட்டளையை அவள் படித்தாள். 'உன் வன்வட்டில் எழுது.' போன வாரம் தன் மேஜைக் கணினி ஒன்றில் மட்டும் சோதித்தபோது விடை கண்ணெதிரே வந்து நின்றது. விடையை எழுதியதும் அந்தக் கணினிதான், அவள் பார்த்ததும் அதில்தான். இன்று அதே கட்டளை இருபது கணினிகளுக்கும் போயிருக்கிறது. சொன்ன சொல் தட்டாமல் ஒவ்வொன்றும் தன்னிடமே எழுதி வைத்துக்கொண்டு, 'முடித்தேன்' என்று மட்டும் தலைமைக் கணினிக்குச் சொல்லியிருக்கிறது. அது போட்டு வைத்த குறிதான் அந்த வெற்றுக் கோப்பு.

கொழுந்தன் ஏழாவது கணினிக்குள் நுழைந்தான். அங்கே ஆற்றின் ஏழாவது துண்டு பத்திரமாக இருந்தது.

"எட்டைப் பாரு" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

மூன்றே முக்காலுக்கு, மலையிலிருந்து கடல் வரை ஆறு திரையில் அறுபடாமல் ஓடியது. அனுப்பினாள். அணை அலுவலகத்திலிருந்து "கிடைத்தது" என்று பதில் வந்தது.

மேலாளர் மறுபடி கூப்பிட்டார். "துடைச்சது யாரு?"

"யாரும் துடைக்கலை சார். இடத்தை நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். தம்பி தடுக்கலைன்னா நானே துடைச்சிருப்பேன்."

போனை வைத்ததும் கொழுந்தன் திரும்பாமலே கேட்டான். "அப்ப வீட்டுச் சாவி?"

"என் பையிலயும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள் அண்ணி.