ஆறாவது ஃப்ளாப்பி

ஏழு ஃப்ளாப்பிகளையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு, ஆறாவதை மட்டும் அபயாம்பாள் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான்கு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தாள்.

செம்பூரில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் ப்ரோகிராம் எழுதி விற்றது. எல்லாம் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியில். ஆறாவது ஃப்ளாப்பியில் இருந்த, லேபிள் அச்சடிக்கிற பகுதியை மட்டும் அவள்தான் 1984இல், அவசரத்துக்கு, ஒரே வாரத்தில் பேசிக் என்ற இன்னொரு மொழியில் எழுதிக் கொடுத்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் மாற்றவில்லை. ஃப்ளாப்பிப் பெட்டி போன ஊரிலெல்லாம் பேசிக் ஒவ்வொரு தினுசாக இருந்தது. ஒரு மெஷினில் ஓடியது இன்னொன்றில் முதல் வரியிலேயே நின்றது. ஆகவே பெட்டியோடு அவளும் போனாள். தாணே, வாப்பி, அங்க்லேஷ்வர்.

கணவன் ஜகந்நாதனுக்கு பாங்கில் நாக்பூர் மாற்றலாகிப் பதினோரு மாதம். மூன்று முறை அவள் ரயில் டிக்கெட் எடுத்தாள். மூன்று முறையும் முதலாளி வெங்கடேஸ்வரன், "இந்த ஒரு இன்ஸ்டலேஷன் மட்டும்மா" என்றார். உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் லேபிள் மாறிப்போன மருந்து யார் வீட்டுக்குப் போகும் என்ற நினைப்பு வந்தாலே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஜகந்நாதன் ஒவ்வொரு கடிதத்தையும் 'எப்போ வரே?' என்று முடிப்பான். போன வாரக் கடிதத்தில் அந்தக் கேள்வி இல்லை. அங்கே நல்ல மழை என்று மட்டும் இருந்தது.

வெங்கடேஸ்வரன் வந்து மேஜையைப் பார்த்தார்.

"ஆறாவது ஏன் வெளில இருக்கு?"

"அது இனிமே வேண்டாம் சார். லேபிளையும் கோபோல்லயே எழுதிட்டேன். சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து எழுதினது. இனிமே நான் கூடப் போக வேண்டாம்."

ஓட்டிக் காட்டினாள். அச்சாகி வந்த தாளை அவர் கிழித்தெடுத்து, மருந்தின் பெயர், காலாவதித் தேதி எல்லாவற்றையும் விரல்வைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இத்தனை நாளா அஞ்சு இடத்துக்கு மேல விக்க பயந்துண்டிருந்தேன். இனிமே இருபது ஃபாக்டரிக்குப் போடலாம். ஆனா இது முழுசும் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே, அபயம். ஒரு வருஷம் இரு. ஒரே வருஷம்."

அவர் குரலில் சூது இல்லை. அதுதான் அவளைத் திணறவைத்தது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று தான் சொல்வதை அவளே கேட்டாள்.

அவள் வீடு இருந்த மாட்டுங்காவுக்குப் போகக் குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். பாலத்தின்மேல் கூட்டம் அவளை நெட்டித் தள்ளிக்கொண்டு போய், கல்யாண் பக்கம் போகிற பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டது. நாக்பூர் ரயில் போவதும் அந்தத் திசையில்தான். எதிர்ப்பக்கம் மாட்டுங்கா வண்டி வந்து, நின்று, கிளம்பிப் போயிற்று. அந்தப் பக்கம் போக அவள் திரும்பப் பாலத்தில் ஏறவில்லை. தண்டவாளத்தின்மேல் மழை விழ ஆரம்பித்தது.