கறுத்த ஆயிலுக்கு ஒரு சாட்சி

1

“அதுக்கு முந்தி எப்பம்மா ஆயில் மாத்துனிய?”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவர் முக்கூடல் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. கேட்கப்பட்டவள் ஜெமிமா, பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்பில், எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது வாய் திக்கி நின்ற ஒரு திங்கட்கிழமைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகாதவள். அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். தேதி தெரியும், கிலோமீட்டர் தெரியும். வாய்தான் வரவில்லை.

இதை எழுதுகிறவளும் அவளே. ‘நான்’ என்று தொடங்கிய மூன்று வரிகளை அடித்துவிட்டாள். ‘நான்’ என்று எழுதினால் மறுபடியும் வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் இருக்கிறது. ‘அவள்’ என்றால் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

2

வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தாள். உங்களிடம் ஒளிப்பானேன்.

தாமிரபரணி அன்று காலை வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல

(வேண்டாம். நடந்தது முழுக்க வீட்டு வாசலில். ஆறு இதில் ஒரு வேலையும் செய்யவில்லை.)

1996ஆம் வருடம் ஜூன் மாதம், நேசையா என்ற ஓட்டுநர் தாங்க முடியாத முதுகுவலியோடு

(முதல் வரியிலேயே அப்பாவின் முதுகை வைத்தால் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள். இது அந்த மாதிரிக் கதை இல்லை.)

நேரடியாகவே சொல்லிவிடலாம். ஜெமிமாவின் அப்பா நேசையாவிடம் ஒரு டீசல் வேன் இருந்தது. சனிக்கிழமை திருச்செந்தூருக்கு முருகன் பக்தர்கள், ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்குச் சபையார். இரண்டு கூட்டத்தையும் ஒரே ஹாரன் அடித்துத்தான் கூப்பிடுவார். இனி ஸ்டியரிங் பிடித்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனை விற்றால் வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கடை போடலாம். வாங்க வந்த ஒரே ஆள் குற்றாலலிங்கம் அண்ணாச்சி.

3

ஜெமிமாவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. முன்பக்கத்திலிருந்து திறந்தால் வேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நேசையா ஆயில் மாற்றுவார். தேதி, கிலோமீட்டர், ஃபில்டர் மாற்றியதா, ஏர் கிளீனரைக் கழுவியதா எல்லாவற்றையும் அவள் எழுதுவாள். மகள் பிறந்த வருடத்தையே மனைவியிடம் கேட்டுச் சொல்கிற மனிதருக்கு இப்படி ஒரு நோட்டு தேவைதான்.

அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தால், கதைகள். அதை யாரும் பார்த்ததில்லை. ஆயில் கறை படிந்த அட்டையைத் தொட யாருக்கும் மனசு வராது, அதுதான் பூட்டு. மூன்று வருடத்தில் வேனும் கதையும் இரண்டு பக்கத்திலிருந்தும் நடந்து வந்து நடுவில் நெருங்கிவிட்டன. இடையில் ஒரே ஒரு வெள்ளைத்தாள் மிச்சம்.

(வேன் பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அது தைத்த நோட்டு. இந்தப் பக்கம் ஒரு தாளைக் கிழித்தால் அந்தப் பக்கம் ஒரு கதை கழன்று விழும்.)

4

(குறிப்பு: டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். டீசல் எரிந்து மிஞ்சும் கரியை எஞ்சினில் ஒட்டவிடாமல் தன்னோடு இழுத்துக்கொண்டு போவது அதன் வேலை. மாற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே மை மாதிரி ஆகிவிடும். கறுத்தால் பயமில்லை. கறுக்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். இது தெரியாத ஒரே ஆள் அந்த வீட்டில் அம்மா ஞானசௌந்தரி. முதல் நாள் சாயங்காலம் முடிவெடுத்தவளும் அவள்தான்.)

“நாளைக்கு அண்ணாச்சி ஆயில் குச்சிய உருவிப் பாக்கையில இப்படித் தார் மாதிரி வடிஞ்சா நல்லாவா இருக்கும்? பொண்ணு பாக்க வாரவங்க முன்னால மூஞ்சி கழுவாமலா நிப்பாட்டுவாவ?”

“ஏட்டி, மாத்தி ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஆகல.”

“ஆகாட்டா என்ன? மாத்துங்க. பளபளன்னு இருக்கும்லா.”

கல்யாணமானதிலிருந்து நேசையா ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்ததில்லை. ஆயில் மாறியது. பழைய ஆயிலைக் கரையான் வராமலிருக்க வேலிக் கம்புகளில் பூசிவிட்டாள் ஞானசௌந்தரி. ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி கறுத்துவிடும் என்று சாவியையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

5

அண்ணாச்சி காலை ஒன்பது மணிக்குக் குடையோடு வந்தார். எஞ்சினில் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை உருவினார், துடைத்தார், மறுபடி முக்கி எடுத்தார். தேன் நிறத்தில் வடிந்தது. ஞானசௌந்தரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“வே நேசையா.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இது எஞ்சினா, எண்ணெய்ச் செக்கா?”

“ஏன் அண்ணாச்சி?”

“டீசல் வண்டில ஆயில் இம்புட்டு வெளுப்பா இருந்தா ரெண்டுல ஒண்ணு வே. வண்டி ஓடல. இல்லன்னா நீரு எதையோ வடிச்சு மறைச்சிட்டீரு. பழசுல என்ன கெடந்துச்சு, இரும்புத் தூளா, தண்ணியா?”

“ஒண்ணும் கெடக்கல. கர்த்தர் சாட்சி அண்ணாச்சி.”

“அவர நான் எங்கன வே போயி விசாரிக்க? பழைய ஆயில் எங்க, அதக் காட்டும்.”

நேசையா மனைவியைப் பார்த்தார். மனைவி வேலியைப் பார்த்தாள்.

அண்ணாச்சி வேலிக்குப் போனார். ஒரு கம்பை விரலால் தொட்டார், தேய்த்தார், மோந்தார். அடுத்த கம்புக்குப் போனார். ஏழாவது கம்பில் நிமிர்ந்தார்.

“வேலிக் கம்பத் தடவி வேன் வாங்க வந்தவன்னு ஊருக்குள்ள எனக்குப் பட்டம் வச்சிருவானுவ. இதுல கரையான் மண்ணுதான் வே இருக்கு.”

நேசையா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். எட்டு வருடம் பிள்ளை மாதிரி பார்த்த எஞ்சின், ஒரே ஒரு நாள் முகம் கழுவியதால் களவாணிப் பட்டம் வாங்கிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி கதவோரம் நின்ற ஜெமிமாவைப் பார்த்தார்.

“எம்மா, நீ சொல்லு. இப்ப மாத்துனத விடு. அதுக்கு முந்தி எப்பம்மா ஆயில் மாத்துனிய?”

“அவ பேச மாட்டா அண்ணாச்சி” என்றாள் ஞானசௌந்தரி. “ஆனா எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கா. ஏட்டி ஜெமி, அந்த நோட்ட எடுத்துட்டு வா.”

6

இங்கே கதை ஐந்து நிமிடம் நிற்கிறது. நிஜத்திலும் அவள் அறைக்குள் போய் நோட்டோடு ஐந்து நிமிடம் நின்றாள்.

காரணம், அதிலிருந்த கடைசிக் கதை. காசிலிங்கம் என்று ஒரு கடைக்காரர் வருகிறார். குற்றாலலிங்கத்தை ஒளித்துவைக்கக் காசிலிங்கம் என்று பேர் வைத்தவளின் புத்தியை என்னவென்று சொல்ல! குடையைக்கூட மாற்றவில்லை, அவர் மனைவி செத்துப்போனதையும் மாற்றவில்லை. பிரசாதப் பொங்கலைக் கையில் வாங்கியதும் எடை குறைகிறதே என்று பூசாரியைப் பார்க்கிறவர் இந்தக் காசிலிங்கம். ஆனால் வெறும் கஞ்சனை வைத்துக்கொண்டு கதை இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. இந்த ஆள்மேல் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது. அதனால் மூன்றாம் பக்கத்தில் தானே ஒரு விஷயத்தைக் கற்பனை செய்து அவருக்குக் கொடுத்தாள்.

அப்பாவுக்கு வேன் விலைபோக வேண்டும். அவளுக்கு நோட்டு மூடியே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை.

கொண்டுவந்து கொடுத்தாள்.

7

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். சத்தமாகத்தான்.

“ஐயாயிரத்துக்கு மாத்த வேண்டியத நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துலயே மாத்திருக்கீரே வே.”

“திருச்செந்தூர் ரோட்டுல புழுதி ஜாஸ்தி அண்ணாச்சி.”

“‘ஆயிலைச் சூட்டோடு வடித்தது. ஆறவிட்டால் கரி அடியில் தங்கிவிடும்.’ இது ஆரு எழுதுனது?”

“எம் மவதான்.”

“நல்லா எழுதுதா.”

அவள் எழுத்தை இன்னொருவர் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கரி, வடித்தது, அடியில். எல்லாம் சரியாகவே கேட்டது. அந்த ஒரு நிமிடம், இந்த மனிதர் இன்னும் கொஞ்சம் வாசித்தால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியதை இங்கே மறைக்காமல் எழுதிவைக்கிறாள்.

வேன் பக்கங்கள் முடிந்தன. அண்ணாச்சி விரலால் எச்சிலைத் தொட்டார். வெள்ளைத்தாளையும் புரட்டினார்.

8

மூன்று முடிவுகள் எழுதப்பட்டன.

முதல் முடிவு: எழுத்து தலைகீழாக இருப்பதைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறார். (தலைகீழாக ஒன்று கிடந்தால் திருப்பிப் பார்க்காத வியாபாரி எந்த ஊரில் இருக்கிறார்?)

இரண்டாம் முடிவு: வாசித்துவிட்டுக் குடைக்காம்பால் வேன் கண்ணாடியை ஒரே

(போதும். அப்பா பாவம்.)

மூன்றாம் முடிவு: விழுந்து விழுந்து சிரிக்கிறார். (அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. பல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. எழுத முடியவில்லை.)

வேன் விலைபோனதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிலை எழுதினாலும் அன்று வாசலில் பார்த்ததைவிடச் சின்னதாகிவிடுகிறது. பார்த்தது இவ்வளவுதான்.

அண்ணாச்சி நோட்டைத் திருப்பிப் பிடித்தார். சத்தம் நின்றுவிட்டது, உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது இது: மனைவி செத்து இரண்டு வருடமாகியும் காசிலிங்கம் தினமும் நாலு மணிக்கு இரண்டு டீ வாங்குகிறார். ஒன்றை எதிரிலிருக்கும் காலி ஸ்டூலில் வைக்கிறார். அது ஆறும்வரை பார்த்திருந்துவிட்டு, வீணாகப் போகக் கூடாதே என்று அதையும் அவரே குடிக்கிறார்.

“இன்னுமா ஆயில் வருது அண்ணாச்சி?” என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

அவர் காதில் விழவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ‘டீ’ என்ற எழுத்தை நிதானமாக அடித்து, அதற்கு மேலே குட்டி எழுத்தில் ‘சுக்குக் காப்பி’ என்று எழுதினார்.

மை காயும்வரை ஊதினார். நோட்டை மூடி ஜெமிமாவின் கையில் கொடுத்துவிட்டு, குடையை விரித்து, தெருவில் இறங்கி நடந்தார்.